ஆணியில் தொங்கும் தூக்குச்சட்டி

நாகல் நகர், திண்டுக்கல்
9.7.1961

மூக்காயி அக்காவுக்கு,

நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. என் பெயர் சகாயராணி. வயது பதினேழு. மில்லில் நூல் சுற்றும் பிரிவில் பதிலியாக இருக்கிறேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு உங்கள் மிஷினில் யார் யாரோ நின்றார்களாம். வைகாசியிலிருந்து நான் நிற்கிறேன். உங்கள் முகவரியை மாயக்காள் அக்கா கொடுத்தார்கள். கேட்டதும், "எதுக்குடி, சண்டை போடவா?" என்றார்கள். வெளியாட்களிடம் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் கொஞ்சம் வரும். எட்டாவது வரை படித்தேன்.

விஷயம் இதுதான். சுவரோரம் உங்கள் ஆணியில் உங்கள் தூக்குச்சட்டி இன்னும் தொங்குகிறது. அதை யாரும் தொடுவதில்லை. பக்கத்து ஆணியில்கூட யாரும் பை மாட்டுவதில்லை. கூட்டுகிற அம்மா அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டுகிறார்கள். போன வாரம் நான் அதை எடுத்துத் திறந்தேன். அன்றைக்கு நீங்கள் சாப்பிடாமல் விட்ட சோறு கருகல்போலக் காய்ந்து கிடந்தது. குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவி, மறுபடி அதே ஆணியில் மாட்டிவிட்டேன்.

அதை உங்களுக்குக் கொடுத்தனுப்பவா, அங்கேயே இருக்கட்டுமா? சொன்னால் அப்படியே செய்வேன். உங்கள் உடம்பு எப்படி என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கேட்கலாமா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
சகாயராணி


முருகன் துணை
ஆயக்குடி
20.7.61

சகாயராணிக்கு மூக்காயி எழுதியது.

உன்னை எழுதச் சொன்னது யாரு? மேஸ்திரி பெருமாள்சாமியா? நான் செத்துட்டேனா இருக்கேனான்னு பார்க்கச் சொன்னாரா? இருக்கேன்னு சொல்லு.

என் இடத்துல நிக்கிறவளுக்கு என் சட்டியைப் பத்தி என்ன யோசனை? அதையும் எடுத்துக்கிறதுதானே. மாயக்காளுக்கும் சொல்லு. பத்து வருசம் பக்கத்துல நின்னவ ஒரு கார்டு போடலை. முகவரி மட்டும் ஊருக்கெல்லாம் கொடுக்கிறா.

நான் வரமாட்டேன்னு உனக்கு எவ சொன்னா?

மூக்காயி


நாகல் நகர்
6.8.1961

மூக்காயி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அம்மாதான், "அந்தப் பொம்பளை எழுதினதுல ஒரு தப்பும் இல்லை. நீ அவ இடத்துலதானே நிக்கிற?" என்றார்கள். அம்மா தோல் பதனிடும் ஷாப்பில் ஆட்டு மயிர் பிரிக்கிறார்கள். அப்பாவும் அங்கேதான் இருந்தார். நெஞ்சு நோயில் போய்விட்டார். அதனால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை. மேஸ்திரி என்னோடு பேசுவதே இல்லை. "ஏ புள்ளே" என்று கூப்பிடுவார், அவ்வளவுதான். சட்டி ஆணியிலேயே இருக்கிறது. நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. என் சட்டியை ஜன்னல் கம்பியில் மாட்டுகிறேன்.

எனக்கு மில் பிடிக்கிறது, அக்கா. உங்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். அங்கே சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால் எல்லோரும் கையால் பேசுகிறார்கள். தலையில் முண்டாசு சுற்றுவதுபோல் காட்டினால் மேஸ்திரி வருகிறார் என்று அர்த்தம். மூக்கைப் பிடித்தால் கக்கூஸ் பக்கம் போகிறேன் என்று அர்த்தம். வெளியே ஊமைபோல் இருக்கிற நான் உள்ளே மற்றவர்களைப்போல் இருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. எனக்குச் சிலுவை போட்டுக் காட்டுவார்கள். உங்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை எழுத மாட்டேன். நான் அதைக் காட்டுவதில்லை. உங்களைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் சட்டியின் பிடியைப் பிடிப்பதுபோல் கையை மூடித் தூக்கிக் காட்டுவேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. இப்போது மாயக்காள் அக்காவுக்குப் புரிகிறது.

இன்னொன்று கேட்க வேண்டும். உங்கள் மிஷினில் நூல் சுற்றுகிற கடைசிக் கதிர் இருக்கிறதே, அது சரியாக ஓடமாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நூலை அறுத்துவிடுகிறது. நான் அங்கேயே ஓடி ஓடி முடிச்சுப் போடுகிறேன். நீங்கள் இருந்தபோதும் இப்படித்தானா? என்ன செய்வீர்கள்?

சகாயராணி


முருகன் துணை
ஆயக்குடி
25.8.61

சகாயராணிக்கு,

அந்தக் கதிர் முன்னாலிருந்தே அப்படித்தான். அது கொஞ்சம் சாய்ஞ்சு நிக்கும். அடியில ஒரு கிழிசல் துணியை நாலா மடிச்சுச் சொருகு. மேஸ்திரி பார்த்தா உருவிப் போட்டுருவாரு. அவரு போனதும் திரும்பச் சொருகு. உன்னோட அம்மா சொன்னது நியாயம். நான் எழுதினது அம்புட்டு நியாயமில்லை.

என் சைகை எனக்குத் தெரியும். காதுப்பக்கம் விரலைச் சுத்திக் காட்டுறது. அதை நான் புதுசாக் கேட்கலை. முன்னால கூட்டுறவங்கள்ல ஒருத்தி புத்தி பிசகித் தானாச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. அவளுக்கு நானே அப்படிக் காட்டிச் சிரிச்சிருக்கேன்.

நீ கேட்கலை. ஆனாலும் எழுதுறேன். எனக்கு இருந்தது ஒரே மக. பூவாயி. அவ அப்பன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான். போன வருசம் காய்ச்சல்ல பூவாயி போயிட்டா. மூணாம் நாளே நான் வேலைக்கு வந்தேன். வீட்டுல இருந்து யாரைப் பார்க்கிறது? நல்லாத்தான் நின்னேன். அப்புறம் ஒரு நாள் மிஷின் சத்தத்துக்குள்ள "ஆத்தா, ஆத்தா"ன்னு கேட்டுச்சு. அடுத்த நாளும் கேட்டுச்சு. அப்புறம் எப்பவும் கேட்டுச்சு. அவ மிஷினுக்கு அடியில இருக்கான்னு நினைச்சேன். கையை உள்ள விடப் போனேன். பிடிச்சு இழுத்தாங்க. மிச்சம் மாயக்காள் சொல்லியிருப்பா.

மதுரை ஆஸ்பத்திரியில தலைக்குக் கரண்டு வச்சாங்க. மாத்திரை கொடுத்தாங்க. இப்பத் தூங்குறேன், சாப்பிடுறேன். தம்பி ஆண்டிச்சாமி வீட்டுல இருக்கேன், கொய்யாத் தோட்டம். தம்பி பெஞ்சாதி இந்தப் பக்கத்துப் பொண்ணு. "ஏனுங்க அண்ணி, சாப்டீங்களா"ன்னு அம்புட்டு மரியாதையாக் கேட்பா. கேட்டுக்கிட்டே அரிவாள்மணையை எடுத்து ஒளிச்சு வைப்பா.

வேலைக்குப் போகலாம்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டாரு. மில்லுலயிருந்தும் கடுதாசி வந்திருக்கு. கார்த்திகை பிறந்ததும் வந்து காட்டணுமாம், இல்லைன்னா பேரை எடுத்துருவாங்களாம். நான் எப்படி வருவேன்? மாத்திரையில கை நடுங்குது. கூடைக்குக் கயிறு கட்ட முடியலை, நூலுக்கு எப்படி முடிச்சுப் போடுவேன்? பேச்சும் எல்லார்கிட்டயும் வரமாட்டேங்குது. தொண்டைக்குள்ளயே நின்னுக்கிடுது. அதுபோக அந்தச் சத்தம். அதுக்குள்ள எப்படித் திரும்பப் போறது?

நீ நிம்மதியா நில்லு. நான் வரலை.

மூக்காயி


நாகல் நகர்
10.9.1961

அன்புள்ள அக்கா,

துணியை மடித்துச் சொருகினேன். கதிர் ஓடுகிறது.

நீங்கள் கடைசியாக எழுதிய வரியைப் படித்தபோது எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. உங்களிடம் மறைக்க மனமில்லை. நீங்கள் வராவிட்டால் இந்த இடம் எனக்கு நிரந்தரமாகும் என்று மேஸ்திரி அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவின் கைகள் சுண்ணாம்பில் வெந்து போயிருக்கின்றன. எனக்கு இந்த வேலை வேண்டும். பிறகு அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். ஜெபம் சொல்ல வரவில்லை.

சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அக்கா, எனக்கு அதற்குள் அப்பாவின் இருமல் கேட்கிறது. விளையாட்டாகச் சொல்லவில்லை. மத்தியானத்துக்கு மேல் கால் கடுக்கும்போது கேட்கும். இரண்டு இருமல், கொஞ்சம் நிறுத்தி, பிறகு நீளமாக ஒன்று. முதலில் கேட்டபோது திரும்பிப் பார்த்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு மாயக்காள் அக்காவிடம் கையால் கேட்டேன், உங்களுக்கு ஏதாவது கேட்கிறதா என்று. அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, செத்துப்போன மாமியார் திட்டுவது கேட்கிறது என்று காட்டினார்கள். "உசுரோட இருந்தப்பவாவது மூச்சு வாங்க நிறுத்துவா" என்று வெளியே வந்ததும் சொன்னார்கள். அப்புறம் அவர்கள் அழுதார்கள். உங்களுக்குக் கார்டு போடாதது எழுதத் தெரியாததால் மட்டும் இல்லையாம். உங்களைப் பார்த்தால் தனக்கும் வந்துவிடுமோ என்று பயமாம்.

உங்களுக்குக் கேட்டதும் எங்களுக்குக் கேட்பதும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் அங்கே நிற்கிற எல்லோருக்கும் ஏதோ ஒன்று கேட்கிறது.

இந்தக் கவருக்குள் கொஞ்சம் நூல் வைத்திருக்கிறேன். நம் மிஷினில் ஓடும் அதே நூல். கடையில் கிடைப்பது தடிமனானது, அதில் பழகினால் இதற்குக் கை வராது. தினமும் காலையில் அறுத்து முடிச்சுப் போட்டுப் பாருங்கள். போட்டதை எனக்கு அனுப்புங்கள்.

சகாயராணி


முருகன் துணை
ஆயக்குடி
2.10.61

ராணிக்கு,

நூலை இதோட வச்சிருக்கேன். பார்த்துச் சிரிக்காதே. முடிச்சா இது, மிளகு மாதிரி இருக்கு. நெசவாளி பார்த்தா நூல் சுத்தின கோனைத் தூக்கி மூஞ்சியில எறிவான். ஒரு முடிச்சுப் போட்டு முடிக்கிறதுக்குள்ள வேர்த்துருது.

கொய்யாக் கிளையில ஒரு முனையைக் கட்டி வச்சுக்கிட்டுத்தான் போடுறேன். தம்பி பெஞ்சாதி அதைப் பார்த்துட்டுச் செய்வினைன்னு கூப்பாடு போட்டுட்டா. "ஏனுங்க அண்ணி, மரத்துக்கு ஏனுங்க நூல் கட்டறீங்க?" தம்பி வந்து பார்த்தான். நான் ஒரு முடிச்சைப் போட்டுக் காட்டினேன். மறுநாள் அந்த மரத்துக்கடியில ஒரு முக்காலியைப் போட்டு வச்சிருந்தான். அவ அரிவாள்மணையை மட்டும் இன்னும் ஒளிச்சுத்தான் வைக்கிறா.

உன் சந்தோஷத்தை மறைக்காம எழுதினே. நான் உன் வயசுல அதை எழுதியிருக்க மாட்டேன்.

உன் அப்பாவோட இருமலைப் பத்தி எழுதினதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். எனக்கு மட்டும்தான்னு இருந்தேன்.

மூக்காயி


நாகல் நகர்
22.10.1961

அன்புள்ள அக்கா,

உங்கள் முடிச்சுகளைப் பார்த்தேன். முதல் பாதி மிளகுதான். ஆனால் கடைசியில் இருக்கிற சில, கடுகு. மாயக்காள் அக்காவிடமும் காட்டினேன். "கைக்கு மறக்கலைடி" என்றார்கள்.

ஆயுத பூஜை வந்தது. நிரந்தரமாக இருக்கிறவர்கள் தங்கள் தங்கள் மிஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூப் போட்டார்கள். பதிலிகள் தள்ளித்தான் நிற்க வேண்டும், அது வழக்கமாம். நம் மிஷின் மட்டும் வெறுமையாக நின்றது. மேஸ்திரி என்னைப் பார்த்து, "ஏ புள்ளே, இனிமே நீதானே? பொட்டை வையி" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். நான் சிலுவை போடுகிற வேதக்காரப் பெண் என்பதால் தயங்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அதனால் இல்லை. பொட்டு வைத்தால் மிஷின் என்னுடையது என்று ஆகிவிடும். நான் மிஷினைத் துடைத்தேன். பூவை எடுத்துப் போய் உங்கள் ஆணியில், சட்டியின் பிடியில் சுற்றினேன். மேஸ்திரிக்குக் கோபம். மாயக்காள் அக்கா வந்து, "அவ வைக்க வேண்டிய பொட்டை அவளுக்குப் பதிலா நான் வைக்கிறேன்" என்று சொல்லி வைத்தார்கள். பிறகு என் காதைத் திருகி, "அவ வந்தா உனக்குத்தான்டி சோறு போகும், கிறுக்கி" என்றார்கள்.

தெரியும். ஆனாலும் கார்த்திகைக்கு நாள் குறைவாக இருக்கிறது. இன்னும் நூல் வைத்திருக்கிறேன். பழகுங்கள்.

சகாயராணி


முருகன் துணை
ஆயக்குடி
30.10.61

ராணி,

ஒண்ணு கேட்கிறேன், உண்மையைச் சொல்லு. இந்த நூலை எப்படி வெளியே கொண்டுவாரே? பத்து வருசம் அந்தக் கேட்டு வழியாப் போனவ நான். சோதனை போடுற ஆயா மடியைத் தடவுவா, முந்தானையை உதறச் சொல்லுவா. ஒரு சாண் கழிவு நூல் இருந்தாலும் களவுதான், சீட்டைக் கிழிச்சுருவாங்க. எனக்கு முதல்லயே தோணியிருக்கணும். மூளைக்கு எல்லாம் தாமசமாத்தான் எட்டுது.

இனிமே ஒரு இழைகூட அனுப்பாதே. இருக்கிறதை வச்சே பழகிக்கிறேன். இதைப் பார்த்ததும் பதில் போடு.

மூக்காயி


அய்யலூர்
12.11.1961

அன்புள்ள அக்கா,

என் முகவரி மாறியிருக்கிறது. பெரியம்மாவுக்கு உதவியாக இங்கே வந்திருக்கிறேன். அவர்கள் ஆடு வளர்க்கிறார்கள், வியாழக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிப் போகிறார்கள். ஆடுகளிடம் எனக்கு நன்றாகப் பேச வருகிறது.

உங்கள் கடிதம் கொஞ்சம் தாமதமாகக் கிடைத்தது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இப்போது உங்கள் மிஷின் காலியாக இருக்கிறது. யாரும் உங்கள் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே நீங்கள் அவர்கள் சொன்ன நாளில் கட்டாயம் போக வேண்டும். கதிருக்கு அடியில் புதுத் துணி மடித்து வைத்திருக்கிறேன். சட்டி ஆணியில்தான் இருக்கிறது.

போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போடுங்கள்.

சகாயராணி


திண்டுக்கல், மாயக்காள் வீடு
25.11.61

ராணி,

நீ ஒரு பொய்க்காரி. பெரியம்மாவுக்கு உதவியாம்.

ஞாயித்துக்கிழமை இங்க வந்து இறங்கினேன். மாயக்காள் எல்லாத்தையும் சொல்லிட்டா. "அந்தப் புள்ளை நூலைச் சடைக்குள்ள வச்சுப் பின்னி, மேல ரிப்பனைக் கட்டிக்கிட்டுப் போயிருக்கா, மூக்காயி. ஆயா அன்னைக்கு எதுக்கோ சந்தேகப்பட்டுச் சடையைப் பிரிச்சுட்டா. அம்புட்டு பேருக்கு முன்னால. யாருக்குடி, யாருக்குடின்னு மேஸ்திரி கத்துறாரு. தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்கிறா, வாயையே தெறக்கலை. எனக்குத் தெரியும் யாருக்குன்னு. நானும் தெறக்கலை. எனக்கும் சோறு வேணும்ல." இதைச் சொல்லிட்டு மாயக்காள் ராத்திரிச் சோத்தைத் தொடலை.

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். லேபர் ஆபீசர், மேஸ்திரி, ஒரு குமாஸ்தா. உள்ள ஒரே அமைதி. "பேரைச் சொல்லும்மா"ன்னாரு ஆபீசர். எனக்கு என் பேர் வரலை. நெசமா வரலை, ராணி. "எத்தனை வருசம் வேலை பார்த்தே?" வரலை. மேஸ்திரி சொன்னாரு, "நான்தான் சொன்னேனே சார், இது சரிப்பட்டு வராது. அந்த மிஷினுக்கே ராசியில்லை. ஒண்ணு கிறுக்கு, ஒண்ணு களவாணி."

என்னைச் சொன்னப்ப வாய் வரலை. உன்னைச் சொன்னப்ப வந்துருச்சு.

"அவ களவாணி இல்லை. நூல் எனக்கு"ன்னேன். சுருக்குப் பையிலயிருந்து நூலை எடுத்து மேசையில வச்சேன், நீ கடைசியா அனுப்பினதுல போட்டது. மாத்திரையில கை நடுங்குது, பழகிக்கத்தான் அனுப்பினான்னு சொன்னேன். ஆபீசர் எடுத்து விரலால உருவிப் பார்த்தாரு. எனக்கு இரக்கப்பட்டுருவார்னு நினைக்காதே. "மில் நூல்தானே இது? களவு களவுதாம்மா"ன்னுதான் சொன்னாரு. அப்புறம் நூலைக் கீழ வச்சுட்டு, "முழு ஷிப்டும் நிக்க முடியுமா?"ன்னாரு.

முடியும்னு சொல்லத்தான் வழியெல்லாம் பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன். ஆனா மத்தியான மாத்திரைக்கு அப்புறம் கண்ணு சொருகுது, ராணி. கண்ணு சொருகிக்கிட்டு மிஷின் முன்னால நின்னா கை போகும். "அரை ஷிப்ட் நிப்பேன் சார். கொஞ்ச நாளைக்கு மீதிக்கு ஒரு பதிலியைப் போடுங்க"ன்னேன். மேஸ்திரி சிரிச்சாரு. "இது மில்லா, உங்க மாமியா வீடா?" ஆபீசர் சிரிக்கலை. மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்னாரு. புதன்கிழமை ஆள் விட்டாரு. ஒரு மாசத்துக்கு ஒத்துக்கிட்டாங்களாம். திங்கக்கிழமை உள்ள போறேன்.

எனக்கு எழுது. உண்மையை எழுது.

மூக்காயி


அய்யலூர்
1.12.1961

அன்புள்ள அக்கா,

உண்மையை எழுதுகிறேன். பொய் சொன்னது, என் வேலை போனது தெரிந்தால் நீங்கள் வராமல் இருந்துவிடுவீர்கள் என்ற பயத்தில்தான்.

அன்று என் பின்னால் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஆயா சடையைப் பிரிக்கப் பிரிக்க நூல் வந்துகொண்டே இருந்தது. யாரோ, "அடியே, தலையில நூல்கண்டு போட்டிருக்காடி" என்றாள். சிரித்தார்கள். மேஸ்திரி யாருக்கு என்று கேட்டபோது உங்கள் பெயரைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. சொன்னால் ஒருவேளை என்னை விட்டிருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு உங்களை உள்ளே விட மாட்டார்கள். வாயைத் திறந்தால் எது வரும் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் திறக்கவில்லை. தைரியத்தால் என்று நினைக்க வேண்டாம்.

இனி நான் திண்டுக்கல் வர மாட்டேன். அந்தக் கேட்டைத் தாண்ட என்னால் ஆகாது. அம்மா மட்டும் அங்கே இருக்கிறார்கள். தெருவில் யாரோ "நூல்காரி அம்மா" என்று கூப்பிட்டார்களாம். அதற்கு அம்மா, "ஆமா, என்ன இப்போ?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். எனக்கு அது முடியாது.

திங்கட்கிழமை எப்படி இருந்தது? அதை மட்டும் எழுதுங்கள்.

சகாயராணி


திண்டுக்கல்
10.12.61

ராணி,

கேட்டியே, சொல்றேன். நல்லா இல்லை.

சங்கு ஊதினதும் எனக்குக் கால் வரலை. மாயக்காள் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா. "ஏண்டி, கல்யாணப் பொண்ணா நீ? நடடி"ன்னா. உள்ள போனதும் எல்லாரும் விலகினாங்க. கேலி பண்ணலை, விலகினாங்க. அது அதைவிட மோசம். நான் மொண்ட தண்ணிப் பானையில யாரும் மொள்ளலை. மாயக்காள் மொண்டு குடிச்சா. அப்புறம் நாலைந்து பேர் வந்தாங்க.

மிஷின் ஓடினதும் அவ கூப்பிட்டா. "ஆத்தா"ன்னு. பழைய மாதிரியே. அடியில குனியப் போனேன். அப்ப ஆணி தெரிஞ்சுச்சு. சட்டியில பூ காய்ஞ்சு தொங்குது. உன் அப்பா இருமுறது ஞாபகம் வந்துச்சு. உனக்குக் கேட்டாலும் நீ குனியலையே, நின்னுக்கிட்டுத்தானே முடிச்சுப் போட்டேன்னு நினைச்சேன். நிமிர்ந்தேன். "இருக்கேன் ஆத்தா, இங்கதான் இருக்கேன்"னு சத்தமாவே சொன்னேன். யாருக்குக் கேட்கப் போகுது? சொல்லிக்கிட்டே அறுந்த நூலைப் பிடிச்சேன். அன்னைக்குக் கோன் கொஞ்சம்தான் ஏறுச்சு. அடுத்த நாள் அழுதேன். மூணாம் நாள் போகலை. நாலாம் நாள் மாயக்காள் நான் படுத்திருந்த ரூம்புக் கதவைத் தட்டாம வெளியிலயே உட்கார்ந்திருந்தா, நான் வர்ற வரைக்கும். போனோம்.

அவ இன்னும் கூப்பிடுறா. போகமாட்டா போல. போகணும்னும் எனக்கு இல்லை.

மாயக்காள் இப்ப என்னைக் கூப்பிடுறது எப்படித் தெரியுமா? கையை மூடிச் சட்டிப் பிடியைத் தூக்குற மாதிரி. மத்தவங்களும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேர் மட்டும் இன்னும் விரலைச் சுத்துறாங்க. சுத்தட்டும்.

இப்ப உன் விஷயம். மத்தியானத்துக்கு மேல என் மிஷினுக்குப் பதிலி வேணும். வர்றவளுக்கு அந்தக் கதிர் படியலை. நான் ஆபீசர்கிட்ட உன் பேரைச் சொன்னேன். முடியாதுன்னாரு. அடுத்த நாளும் போய் நின்னேன். "எடுத்தது தப்பு, இனிமே எடுக்க மாட்டேன்னு அவளே வந்து சொல்லட்டும். சொன்னா பதிலி வரிசையில பேர் இருக்கும்"னாரு. அவருக்கு முன்னால ஒரு வரி. அம்புட்டுத்தான். பேரே வராத நான் அந்த ரூம்புல பேசினேன்.

வராட்டி நான் கோவிச்சுக்க மாட்டேன். ஒரு மாசம் முடிஞ்சதும் நான் முழு ஷிப்டு நிக்கணும், இல்லை போகணும். அதுக்குள்ள பார்த்துக்கலாம்.

ஆனா நீ வந்தேன்னா, நான் கேட்டுல நிப்பேன். நீ என் முகத்தைப் பார்த்ததில்லை, நான் உன் முகத்தைப் பார்த்ததில்லை. என் கையில தூக்குச்சட்டி இருக்கும். அதை வச்சுக் கண்டுபிடி.

இதோட ஒரு நூல் இருக்கு. மில் நூல் இல்லை, பயப்படாதே. நாகல் நகர்ல ஒரு நெசவாளி வீட்டுல காசு கொடுத்து வாங்கினேன். இதுல முடிச்சு எங்க இருக்குன்னு தடவிப் பாரு.

மூக்காயி


அய்யலூர்
14.12.1961

அன்புள்ள அக்கா,

நூல் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலுக்கு நடுவில் உருவினேன். ஒன்றும் தட்டவில்லை. முடிச்சே போடாமல் அனுப்பி என்னை ஏமாற்றுகிறீர்கள் என்று நினைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, ஒன்றல்ல, நிறைய முடிச்சுகள்.

அந்த ஒரு வரியை ஆடுகளிடம் சொல்லிப் பார்க்கிறேன். முதல் நாள் குரலே வரவில்லை. நேற்று ஒரு கிடாய் நின்று கேட்டுவிட்டுப் போனது. பெரியம்மா கொட்டிலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, "யாருகிட்டடி மன்னிப்புக் கேட்குற?" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அங்கே வந்தும் வாய் வராவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியாது. நீங்கள் பேச வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும்.

சடை போட மாட்டேன். ரிப்பனும் இல்லை. தலையை வெறும் முடிச்சாகப் போட்டுக்கொண்டு வருவேன். ஆயா பிரித்துப் பார்க்கட்டும். நீங்களும் அதை வைத்து என்னைக் கண்டுகொள்ளுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மத்தியானம் நீங்கள் மிஷினை விட்டு விலகி நான் வந்து நிற்கும்போது, கொஞ்ச நேரம் நாம் இரண்டு பேரும் அங்கே இருப்போம். அப்போது பூவாயி கூப்பிட்டால் எனக்குக் கையைக் காட்டுங்கள். அப்பா இருமினால் நானும் காட்டுகிறேன்.

உங்கள்
சகாயராணி